ஒரே சால்வென்ட், இரண்டு லேபிள்: எதை நம்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்பசை தயாரிக்கும் ஆலையில் ஸ்டோர் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பசையை இளக்கச் சேர்க்கும் சால்வென்ட் கலவை ஒரே பெயரில் இரண்டு சப்ளையரிடமிருந்து வருகிறது. முதல் டிரம்மில் தீச்சுவாலை, ஆச்சரியக்குறி, மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் என்று மூன்று படங்கள். இரண்டாவதில் சுவாலையும் ஆச்சரியக்குறியும் மட்டும். யார் சொல்வது சரி, படங்களைத் தாண்டிப் பொடி எழுத்தையும் படிக்க வேண்டுமா, டிரம்மிலிருந்து சின்ன கேனுக்கு ஊற்றினால் அதற்கும் லேபிள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வேண்டும். ஏன் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில், இயந்திரப் பாகங்களைத் துடைக்க வைத்திருந்த தின்னரை யாரோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரவு ஷிஃப்ட். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தாகத்தில் எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப்போய்த் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வாந்தியோடு மேலே வந்த தின்னரில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டது. பையன் பிழைத்தான், ஆனால் பல நாள் மருத்துவமனையில் கிடந்தான். அந்தத் தின்னர் வந்த டிரம் பத்தடி தூரத்தில்தான் நின்றது. அதன் லேபிளில் எச் 304 என்ற எண்ணுக்கு எதிரே, விழுங்கி மூச்சுக்குழாய்க்குள் புகுந்தால் உயிரிழப்பு நேரலாம் என்று ஒரு வரி இருந்தது. பி 331 என்ற எண்ணுக்கு எதிரே, வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்று இன்னொரு வரி இருந்தது. பாட்டிலில் ஊற்றியபோது அந்த இரண்டு வரிகளும் டிரம்மிலேயே தங்கிவிட்டன.

அன்றிலிருந்து எனக்கு லேபிள் என்றாலே அந்தப் பொடி எழுத்துதான். படம் உங்களை நிறுத்தும். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் எழுத்தில்தான் இருக்கிறது.

இந்த எண்களும் படங்களும் ஜிஎச்எஸ் என்ற முறையில் வருபவை. ரசாயனங்களை வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்காக ஐக்கிய நாடுகள் சபை உருவாக்கிய உலகப் பொதுமுறை அது. 1992இல் ரியோ புவி உச்சிமாநாட்டில் இதற்கான தீர்மானம் வந்தது. 2003இல் முதல் பதிப்பு வெளியானது. அட்டையின் நிறத்தை வைத்து அதை ஊதாப் புத்தகம் என்பார்கள். 2 ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள்.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்குப் பயிற்சி வகுப்புகளில் ஓர் உதாரணம் காட்டுவார்கள். ஒரு பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 257 மில்லிகிராம் போனால் பாதி எலிகள் இறந்துவிடுகின்றன. சோதனை ஒன்று, முடிவும் ஒன்று. ஆனால் அமெரிக்கா, கனடா, ஜப்பான், கொரியா விதிகளில் அது 'நச்சு'. ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா, மலேசியா, தாய்லாந்தில் 'தீங்கானது', அதாவது ஒரு படி குறைவு. இந்திய விதியில் 'நச்சற்றது'. சீனாவில் 'ஆபத்தற்றது'. கப்பலில் ஏறி இறங்குவதற்குள் ஒரே டிரம் விஷமாகவும் சாதாரணச் சரக்காகவும் மாறிவிடும். ஜிஎச்எஸ் கணக்கில் வாய்வழி நச்சுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்று எல்லைகள் உண்டு. 257 என்பது 300க்குள் வருவதால் அது வகை 3. மண்டையோடு போட்டே ஆக வேண்டும், 'ஆபத்து' என்ற சொல்லும் வேண்டும்.

அந்தச் சொல்லையும் கவனியுங்கள். லேபிளில் ஒன்று 'ஆபத்து' என்றிருக்கும், இல்லாவிட்டால் 'எச்சரிக்கை' என்றிருக்கும். ஆபத்து என்பது கடுமையானது. இரண்டும் சேர்ந்து வராது. வகை எண்ணைப் பொறுத்தவரை, எண் சிறியதாக இருந்தால் ஆபத்து பெரியது. வகை 1தான் மிக மோசம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சாய்சதுரத்தைத் தொட்டிகளிலும் கட்டடச் சுவர்களிலும் பார்த்திருப்பீர்கள். அது என்எஃப்பிஏ 704, தீயணைப்பு வீரர்களுக்கானது. அதில் 0 என்றால் ஒன்றுமில்லை, 4 என்றால் மிக மோசம். அப்படியே தலைகீழ். ஒரே ஆலையில் இரண்டு முறையும் இருந்தால், '1 தானே, பரவாயில்லை' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஸ்டோரில் அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலைகளில் ஒன்று.

சரி, உங்கள் டிரம்முக்கு வருவோம். பசை சால்வென்ட் என்றால் டொலுயீன் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் சுத்தமான டொலுயீனின் லேபிளைப் பிரித்துப் பார்க்கலாம்.

மேலே 'ஆபத்து'. எச் 225, எளிதில் தீப்பற்றும் திரவமும் ஆவியும். இதற்குத்தான் சுவாலைப் படம். டொலுயீனின் பிளாஷ் பாயின்ட் சுமார் 4 டிகிரி செல்சியஸ். திரவத்திலிருந்து எழும் ஆவி, ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலை அது. குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் அளவு குளிரிலேயே டொலுயீன் பற்றத் தயாராகிவிடுகிறது. அடுத்தது எச் 315, தோலை உறுத்தும். எச் 336, மயக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். இந்த இரண்டுக்கும் ஆச்சரியக்குறி. பிறகு எச் 361டி, கருவில் உள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிறது. எச் 373, நீண்ட நாளோ திரும்பத் திரும்பவோ அதற்கு ஆட்பட்டால் உறுப்புகளைப் பாதிக்கலாம். கடைசியாக அந்தப் பையனை வாட்டிய எச் 304. இந்த மூன்றுக்கும் நட்சத்திர மார்பு.

மூன்று வரிகளுக்கும் படம் ஒன்றுதான் என்பதைப் பாருங்கள். ஒன்று கருவுற்ற பெண்ணை அந்த வேலையிலிருந்து மாற்றி வைக்கச் சொல்கிறது. இன்னொன்று பல ஆண்டுகள் அதே அறையில் மூச்சுவிடுபவரைப் பற்றிப் பேசுகிறது. மூன்றாவது ஒரு மடக்கில் முடிந்துவிடும் கதை. இன்னொரு சால்வென்ட்டில் இதே படம் புற்றுநோயைக் குறிக்கலாம். ஐசோசயனேட் கலந்த பசையில் மூச்சுத்திணறல் ஒவ்வாமையைக் குறிக்கலாம். படத்தை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

ஸ்டோர்காரருக்கு இன்னும் முக்கியமான ஓர் உதாரணம் உண்டு. சில பசைகளோடு, அவற்றை இறுக வைக்க வரும் ஹார்டனரில் கரிமப் பெராக்சைடு இருக்கும். அதிலும் பெரும்பாலும் அதே சுவாலைப் படம்தான். ஆனால் வாசகம் எச் 242, சூடேறினால் தீப்பிடிக்கலாம். டொலுயீன் பற்றுவதற்கு வெளியிலிருந்து ஒரு பொறியும் காற்றும் வேண்டும். பெராக்சைடுக்குப் பொறி தேவையில்லை. வெயில் படும் இடத்தில் வைத்தாலோ, துருவோ வேகமூட்டியோ கலந்தாலோ தானே சிதைந்து சூடேறிப் பற்றிக்கொள்ளும். எந்த வெப்பநிலைக்குள் வைக்க வேண்டும் என்று அதன் லேபிளிலேயே போட்டிருக்கும். இரண்டிலும் சுவாலை இருக்கிறதே என்று ஒரே அறையில் அடுக்கினால், ஒரு விபத்தை நாமே தயாரித்து வைத்தது போலத்தான். வட்டத்துக்கு மேல் சுவாலை எழும்பும் படம் வேறு. அது ஆக்சிஜனேற்றி. மற்றதை மூர்க்கமாக எரியவைக்கும். அதையும் சால்வென்ட் பக்கம் விடாதீர்கள்.

ஆச்சரியக்குறி இருந்தால் லேசானது என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. எச் 317 என்ற வாசகத்துக்கும் ஆச்சரியக்குறிதான் போடுவார்கள். தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது அதன் பொருள். எபாக்சி பிசின் இப்படிப்பட்டது. ஒருமுறை உடம்பு பழகி எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் தடித்துவிடும். நல்ல தொழிலாளிகள் இதனாலேயே அந்தத் தொழிலை விட வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சில படங்கள் வந்தால் வேறு படங்கள் விலகிக்கொள்ளும் என்பது விதி. மண்டையோடு போட்டால் ஆச்சரியக்குறி போட வேண்டாம். தோலையும் உலோகத்தையும் அரித்துத் தின்னும் பொருளுக்கான படம் போட்டால், தோல், கண் உறுத்தலுக்கான ஆச்சரியக்குறி வராது. ஆகவே படம் எத்தனை என்று எண்ணி எது மோசம் என்று தீர்மானிக்க முடியாது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. இரண்டு லேபிளில் எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரே பெயரில் விற்கும் கலவைக்குள் சரக்கு வேறாக இருக்கலாம். அசிட்டோனும் எத்தில் அசிட்டேட்டும் கலந்த சால்வென்ட்டுக்குச் சுவாலையும் ஆச்சரியக்குறியும் போதும். எளிதில் பற்றும், கண்ணை உறுத்தும், மயக்கம் தரும் என்பவைதான் அவற்றின் வாசகங்கள். டொலுயீன் கணிசமாக இருந்தால் நட்சத்திர மார்பு வந்தே ஆக வேண்டும். கணிசம் என்றால் எவ்வளவு? ஐரோப்பிய விதியில், எச் 361டி தரும் பொருள் 3 சதவீதத்தைத் தொட்டாலும், எச் 373 தரும் பொருள் 10 சதவீதத்தைத் தொட்டாலும் கலவைக்கும் அந்த வாசகம் ஏறும். எச் 304 தரும் பொருட்கள் சேர்ந்து 10 சதவீதத்தைத் தொட்டால் கலவையின் பிசுபிசுப்பையும் பார்க்க வேண்டும். நீர்த்த திரவம்தான் மூச்சுக்குழாய்க்குள் சுலபமாக இறங்கும் என்பதால் 40 டிகிரியில் நொடிக்கு 20.5 சதுர மில்லிமீட்டர் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். சால்வென்ட் அதற்கு மிகக் கீழே இருக்கும். கெட்டியான பசை அதைத் தாண்டிவிடும். அதனால் அதே டொலுயீன் கலந்திருந்தும் உங்கள் ஆலையில் தயாராகி வெளியே போகும் பசையின் லேபிளில் எச் 304 இல்லாமல் இருக்கலாம். அது தவறல்ல.

கலவை என்றாலே ஒவ்வோர் ஆபத்துக்கும் கணக்கு தனித்தனி. உடனடி நச்சு நீர்த்தால் குறையும். கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவில் கொல்லும் ஒரு பொருளை 10 சதவீதம் எடுத்து மீதிக்குத் தண்ணீர் சேர்த்தால், கலவையின் மதிப்பு 2000 ஆகிவிடும். வகை 3இல் இருந்தது வகை 4க்கு இறங்கும், மண்டையோடு போய் ஆச்சரியக்குறி வரும். புற்றுநோய்க் காரணியில் இந்தச் சலுகை கிடையாது. வகை 1 புற்றுநோய்க் காரணி 0.1 சதவீதம் இருந்தாலே மொத்தக் கலவையும் புற்றுநோய்க் காரணியாகவே லேபிள் பெறும். காரமும் அமிலமும் இன்னொரு மாதிரி. பிஎச் 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே என்றால், வேறு சோதனை இல்லாத பட்சத்தில் அரிக்கும் பொருள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரக்கு ஒன்றாகவே இருந்தும் லேபிள் வேறாக இருக்க இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. ஜிஎச்எஸ் ஒரு சட்டமல்ல. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய பகுதிகளை எடுத்துத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் சிஎல்பி என்ற விதியாக எடுத்துக்கொண்டது. அமெரிக்கா 2012இல் தன் ஆபத்துத் தகவல் விதிக்குள் கொண்டுவந்தது. எடுத்துக்கொண்டதில் இடைவெளிகள் உண்டு. பிளாஷ் பாயின்ட் 70 டிகிரி உள்ள திரவத்துக்கு அமெரிக்க லேபிளில் 'எச்சரிக்கை, எரியக்கூடிய திரவம்' என்று இருக்கும், ஐரோப்பிய லேபிளில் தீ பற்றி ஒரு வரியும் இருக்காது. சுற்றுச்சூழல் படமான செத்த மீனும் பட்ட மரமும் அமெரிக்கப் பணியிட விதியில் கட்டாயமில்லை. எனவே சப்ளையர் எந்த நாட்டு விதிப்படி அச்சடித்தார் என்பதையும் பாருங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இது உதவாது. டொலுயீன் கணிசமாக இருந்தால் ஐரோப்பாவானாலும் அமெரிக்காவானாலும் நட்சத்திர மார்பு வரும்.

ஆகவே இரண்டு சப்ளையரின் பாதுகாப்புத் தரவுத் தாளையும், அதாவது எஸ்டிஎஸ், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருடையதும் 16 பிரிவு, ஒரே வரிசை. முதலில் 3ஆம் பிரிவு, அதில்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று இருக்கும். தொழில் ரகசியம் என்று பெயரையோ சரியான சதவீதத்தையோ மறைக்கலாம், ஆபத்தை மறைக்கக் கூடாது. பிறகு 2ஆம் பிரிவும் டிரம்மின் லேபிளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கலவையை மாற்றியிருப்பார்கள், தாளைப் புதுப்பித்திருப்பார்கள், லேபிள் மட்டும் பழைய அச்சிலேயே ஓடிக்கொண்டிருக்கும். தேதியையும் பாருங்கள். 9இல் பிளாஷ் பாயின்ட் இருக்கும். 4இல் முதலுதவி.

8ஆம் பிரிவில் கொஞ்சம் நில்லுங்கள். 'தகுந்த கையுறை அணியவும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பலாம் என்பது என் கருத்து. பெரும்பாலான ஆலைகளில் எல்லா வேலைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறைதான். அசிட்டோன் அதை வெகு சீக்கிரம் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் அசிட்டோனை நன்றாகத் தாங்கும், டொலுயீனைத் தாங்காது. டொலுயீனுக்கு வைட்டான் போன்ற புளோரோ ரப்பர் நல்லது, அது அசிட்டோனில் கெட்டுப்போகும். இப்போது உங்கள் இரண்டு டிரம்களை நினைத்துப் பாருங்கள். பெயர் ஒன்றுதானே என்று சப்ளையரை மாற்றினால் கையுறையும் மாற வேண்டியிருக்கும், அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே சால்வென்ட் கசிந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். கழற்றும்வரை தோலோடு ஒட்டியே இருக்கும்.

டிரம்மில் 3 என்ற எண்ணோடு முழுச் சிவப்பாக இன்னொரு சாய்சதுரம் இருக்கலாம். அது லாரி, கப்பலுக்கான போக்குவரத்து அடையாளம். நட்சத்திர மார்பு சொல்லும் நெடுநாள் பாதிப்புகள் எதுவும் அதில் வராது. வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அதன் கவலை.

இனி சின்ன கேன். பெரும்பாலான விதிகளில் ஆலைக்குள் புழங்கும் கேனுக்கு முழு லேபிள் கேட்பதில்லை. பொருளின் பெயரும் ஆபத்து என்ன என்பதும் தெரிந்தால் போதும். அமெரிக்க விதியில், ஊற்றியவரே வைத்திருந்து அதே ஷிஃப்டில் தீர்த்துவிடும் பாத்திரத்துக்கு விலக்குகூட உண்டு. அந்த விலக்கை நம்பாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து போகிறவர் பாத்திரத்தைக் கையோடு எடுத்துப் போவதில்லை. நான் செய்வது இது: டிரம்மின் லேபிளை ஒரு தடவை சிறிய அளவில் அச்சடித்துச் சால்வென்ட்டுக்குக் கரையாத மேல்படலம் போட்டு, ஊற்றும் இடத்திலேயே ஒரு கட்டு தொங்கவிட்டுவிடுவேன். கேனை நிரப்புகிறவர் நிரப்பும் முன்பே ஒட்ட வேண்டும். பேனாவால் எழுதியது முதல் சிந்தலிலேயே அழிந்துபோகும். தண்ணீர் பாட்டில், டீ குடிக்கும் டம்ளர் எதுவும் அந்தப் பக்கம் வரவே கூடாது. லேபிள் ஒட்டினாலும் கூடாது.

காலி டிரம்மின் லேபிளையும் கிழிக்காதீர்கள். உள்ளே அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், மீதி இடம் முழுக்க ஆவி. நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் வெட்டும்போது வெடிக்கும். லேபிள் இல்லாத காலி டிரம்மைப் பார்க்கும் வெல்டருக்கு அது வெறும் தகரம்தான்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரண்டாவது சப்ளையரின் தாளில் 3ஆம் பிரிவைத் திறந்து டொலுயீனைத் தேடுங்கள். அதுவும் நட்சத்திர மார்பு தரும் வேறு பொருளும் இல்லையென்றால் லேபிள் சரி, ஆனால் கலவை வேறு என்று உற்பத்திப் பிரிவுக்கும் கையுறை வாங்குபவருக்கும் சொல்லிவிடுங்கள். டொலுயீன் 3 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிள் தவறு. எச் 361டியும், 10 சதவீதத்தைத் தொட்டால் எச் 304, எச் 373 இரண்டும் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை அந்த டிரம்களைத் தனியே நிறுத்தி வையுங்கள். அவசரமாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று மேலிருந்து சொன்னால், முதல் டிரம்மின் லேபிளை நகலெடுத்து இரண்டாவதிலும் ஒட்டிவிட்டுத் திறங்கள்.